கலத்தில் பங்கு

உழைப்பவன் கூலி பெறுகிறான். பயணம் செய்பவன் கட்டணம் தருகிறான். உலகியலில் இவ்விரண்டும் எவரும் அறிந்த வழக்கு. ஆனால், தன் கையிலிருந்து பணத்தையும் கொடுத்து, தன் உடலால் உழைக்கவும் செய்து, நள்ளிரவில் உப்புநீர் முகத்தில் அறையச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கும் மனமுவந்து இசைகின்றவனை எந்த வரிசையில் வைத்து எண்ணுவது? அவன் பயணியா, தொழிலாளியா, பங்காளியா? அவனுக்குக் கட்டளையிடும் உரிமை எவருக்கேனும் உண்டா? அவன் நோயுற்றுப் படுத்துவிட்டால், அவனுக்கு மற்றவர் கடமைப்பட்டவரா?

கடலைப் பற்றிய கேள்வியாகத் தோன்றும் இவை, உண்மையில் கரையில் வாழும் நம்மைப் பற்றிய கேள்விகளே. ஊரை விட்டு வந்து, வேற்று மொழி வழங்கும் நகரங்களில் ஓர் அறையை நால்வராய்ப் பகிர்ந்து வாழ்ந்தவர்கள் நாம். ஆகவே, நமக்குப் பழக்கமில்லாத ஒரு கப்பலின் கதையிலிருந்து தொடங்கி, நமக்கு மிகப் பழக்கமான ஓர் அறைக்குள் வந்து சேர எண்ணுகிறோம்.

அமெரிக்காவில் இர்விங் ஜான்சன் என்றொரு மாலுமி இருந்தார். 1929ஆம் ஆண்டில் ‘பெக்கிங்’ என்னும் பெரிய பாய்மரக் கப்பலில் தென்னமெரிக்காவின் தென்கோடியாகிய ஹார்ன் முனையைச் சுற்றி வந்து, அங்குள்ள புயற்கடலைத் திரைப்படமாகவும் எடுத்தவர். அவரும் அவர் துணைவியார் எலெக்டாவும், ஹாலந்து நாட்டில் துறைமுக வழிகாட்டிகளை ஏற்றிச் சென்றுகொண்டிருந்த பழைய ஸ்கூனர் ஒன்றை வாங்கி, அதற்கு ‘யாங்க்கி’ என்று பெயரிட்டனர். 1933இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறையிலிருந்து உலகத்தைச் சுற்றிவரப் புறப்பட்டனர்.

கப்பலைச் செலுத்த ஏறத்தாழ இருபது பேர் வேண்டும். அத்தனை பேருக்கும் ஊதியம் தரும் செல்வம் ஜான்சன் இணையரிடம் இல்லை. எனவே அவர்கள் ஒரு வழி கண்டனர். கடலறியாத இளைஞரையும் இளம்பெண்களையும் சேர்த்துக்கொண்டனர். பயணச் செலவை அனைவரும் பங்கிட்டுக்கொண்டனர். பங்கு செலுத்தியவர் எவரும் விருந்தினர் அல்லர். பாய் ஏற்றுவதும், தளம் கழுவுவதும், கயிறு பின்னுவதும், முறைபோட்டுக் காவல் நிற்பதும் அவர்கள் பணியே. ஒவ்வொரு பயணமும் ஏறத்தாழப் பதினெட்டு மாதம் நீடித்தது. பனாமாக் கால்வாய், கலாபகோஸ், பிட்கெர்ன், தென்கடல் தீவுகள், பாலி, இந்துமாக் கடல், நன்னம்பிக்கை முனை எனச் சுற்றி மீண்டும் குளோஸ்டர் வந்து சேர்வது வழக்கம். போருக்கு முன் ஸ்கூனரில் மூன்று முறையும், போருக்குப் பின் அதே பெயர் தாங்கிய வேறொரு பிரிகண்டைன் கப்பலில் நான்கு முறையும், 1958 வரையில் ஏழு தடவை அவர்கள் உலகைச் சுற்றினர். ஜான்சன் அக்கப்பலை விற்ற பிறகு, வேறொருவர் உடைமையாக இருந்தபோது, 1964இல் ராரோடோங்கா தீவில் அது கரைதட்டி அழிந்தது.

இந்த வரலாற்றில் நம் கவனத்தை ஈர்க்கும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. பிட்கெர்ன் தீவு, ‘பவுண்டி’ என்னும் கப்பலில் 1789இல் கலகம் செய்த மாலுமிகள் ஒளிந்து வாழ்ந்த இடம். அவர்கள் தீக்கிரையாக்கிய அக்கப்பலின் நங்கூரம் நெடுங்காலம் கடலடியில் கிடந்தது. 1957இல் அதனை மேலே தூக்கி எடுத்தவர்கள் ‘யாங்க்கி’ கப்பலினரே. கூலி பெற்று, கடற்படைச் சட்டத்தின் சவுக்குக்கு அடங்கி நடந்தவர்கள் தலைவனைப் படகில் ஏற்றிக் கடலில் விட்டார்கள். கூலி பெறாமல், பணமும் கொடுத்து வந்தவர்கள் அந்தக் கலகக் கப்பலின் நங்கூரத்தைத் தலைவனின் சொற்படி ஒன்றுகூடி இழுத்தார்கள். ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு ஒரு நீதியை நாட்டிவிட முடியாது என்பதை அறிவோம். எனினும், கீழ்ப்படிதல் கூலியிலிருந்து பிறப்பதில்லை என்ற ஐயத்தையாவது இது நம்முள் எழுப்புகிறதன்றோ?

மற்றொரு மனிதரையும் ஈண்டு நினைக்கலாம். 1936இல் நம் இமயத்தின் நந்தாதேவிச் சிகரத்தில் முதன்முதலாக ஏறிய இருவருள் ஒருவர் டில்மன் என்னும் ஆங்கிலேயர். மலையேறும் வயது கடந்ததும் அவர் கடலை நாடினார். 1906இல் கட்டப்பட்ட ‘மிஸ்சிஃப்’ என்னும் பழைய பாய்க்கலத்தை 1954இல் வாங்கினார். உடன்வர ஆள் தேவை என்று நாளேட்டில் விளம்பரம் செய்தபோது, ஊதியமும் இல்லை, முன்னேற்றமும் இல்லை, இன்பமும் அதிகம் இராது என்று ஒளிக்காமல் சொன்னார். அவ்வாறு சொல்லியும் ஆட்கள் வந்தார்கள். ஆனால் வந்தவர் எல்லாரும் எல்லா நேரமும் இசைந்து நடந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 1969இல் ‘ஸீ ப்ரீஸ்’ என்னும் அவருடைய இரண்டாவது கலம் கிழக்குக் கிரீன்லாந்தின் பனிக்கட்டிகளை நெருங்கியபோது, இனி முன்செல்ல மாட்டோம் என்று உடன்வந்தோர் மறுத்துவிட்டனர். கலம் டில்மனுடையது, குறிக்கோளும் அவருடையது, ஆயினும் அவர் திரும்ப வேண்டியதாயிற்று.

ஆகவே, ஒரே வகைக் கூட்டத்தில் கீழ்ப்படிதலும் உண்டு, மறுப்பும் உண்டு. இவற்றுள் எது அறம்? இதற்கு விடை காண, ‘பங்கு’ என்னும் சொல்லைச் சற்றே பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

கலத்தில் மூவகைப் பங்கு உண்டு. முதலாவது செலவுப் பங்கு. அரிசிக்கும் எண்ணெய்க்கும் துறைமுகக் கட்டணத்துக்கும் ஆன தொகையைப் பத்துப் பேர் பகிர்ந்தால் ஒருவருக்குப் பத்தில் ஒன்று வரும். கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொருவர் சுமையும் குறையும். இரண்டாவது பணிப் பங்கு. நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை காவல் மாறுவது கடல் வழக்கு. ஆள் கூடினால் உறக்கமும் கூடும். இதுவும் வகுக்கக்கூடியதே. மூன்றாவது ஆபத்துப் பங்கு. இதுதான் கணக்குக்கு அடங்காதது. பத்துப் பேர் ஏறிய கலம் மூழ்கினால், ஒவ்வொருவரும் பத்தில் ஒரு பங்கு மூழ்குவதில்லை. ஒவ்வொருவரும் முழுமையாகவே மூழ்குகின்றனர். ஆபத்தைப் பகிர்ந்துகொள்ளலாம், ஆனால் அதை வகுக்க முடியாது. பகிர்வதால் குறையாத பொருள் அது.

இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் முதற் கேள்வி தெளிவடைகிறது. ‘நானும் சமமாகப் பணம் கொடுத்தேன், ஆகவே எனக்கும் சமமான அதிகாரம் உண்டு’ என்பவன், செலவுப் பங்கைக் கொண்டு ஆபத்துப் பங்கை அளக்க முற்படுகிறான். அரிசி வாங்குவதில் அவன் சொல் எடுபடலாம். எந்தத் தீவில் எத்தனை நாள் தங்குவது என்பதில் அவன் வாக்கு ஒரு வாக்கே. ஆனால் புயல் எழுந்தபோது பாயைச் சுருக்குவதா வேண்டாமா என்று கூட்டம் கூட்டித் தீர்மானம் நிறைவேற்ற முடியாது. அங்கே ஒருவன் சொல்ல, மற்றவர் செய்ய வேண்டும். அந்த ஒருவன் உயர்ந்தவன் என்பதற்காக அன்று. எல்லாருடைய முழு உயிரும் ஒரே நொடியைச் சார்ந்து நிற்கிறது என்பதற்காகவே.

அதே ஆபத்துப் பங்கு, மறுக்கும் உரிமையையும் தருகிறது. ஒருவன் முழு உயிரையும் வைத்திருக்கும் இடத்தில், அவன் இசையாத புதிய ஆபத்துக்குள் அவனை இழுத்துச் செல்லும் உரிமை, கலத்தின் உடைமையாளனுக்கும் இல்லை. புயலின் நடுவில் சுக்கானை விட்டுவிடுவது துரோகம். பனிக்கட்டியின் முன் நின்று, இன்னும் திரும்ப வழி இருக்கும்போதே, மாட்டோம் என்று சொல்வது துரோகம் ஆகாது. துறையில் வாதிடு, கடலில் கீழ்ப்படி என்பது ஒரு பாதி நீதி. கடலில் கீழ்ப்படிவோரின் குரலைத் துறையிலேயே செவிமடுத்து வைப்பது தலைவன் பக்கத்து மறுபாதி நீதி.

சட்டமும் இப்பங்காளியை வேறாகவே கருதுகிறது. அமெரிக்காவில் 1993இல் இயற்றப்பட்ட சட்டம், பயணத்தின் உண்மையான செலவைத் தாமாக முன்வந்து பகிர்ந்துகொள்வோரைக் கட்டணப் பயணிகளாக எண்ணுவதில்லை. பணமாகத் தந்தாலும், உணவாகவோ எரிபொருளாகவோ தந்தாலும் அது கட்டணம் ஆகாது. இலாபம் என்னும் ஒன்று நுழைந்த அளவில் உறவின் பெயரே மாறிவிடுகிறது. பல தீவு நாடுகளிலோ, படகில் வந்தவர் ஒருவர் இடையில் இறங்கிவிட்டால் அவரைச் சொந்த நாட்டுக்கு அனுப்பும் செலவுக்குப் படகின் தலைவனே பொறுப்பாகிறான். அதனால் உடன்வருவோரிடம் விமானக் கட்டணத்தை முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்ளும் தலைவர்களும் உண்டு. நட்பில் தொடங்கும் பயணத்திலும், பிரிவுக்கான தொகை முதல் நாளே பெட்டிக்குள் வைக்கப்படுகிறது. இதைக் கடுமை என்று சொல்ல மாட்டோம். கணக்குத் தெளிவாக இருந்தால் கசப்புக் குறையும் என்பது அனுபவ உண்மை.

ஆனால் கணக்கு எதுவரை செல்லலாம்? இங்கேதான் கடலை விட்டு அந்த அறைக்குள் நுழைகிறோம்.

1970களின் நடுவில், தில்லி கரோல் பாக்கில், மொட்டை மாடியில் இருந்த பர்சாத்தி ஒன்றில் நாங்கள் ஐவர் குடியிருந்தோம். ஒரே ஓர் அறை. வெளியே மண்ணெண்ணெய் ஸ்டவ் வைக்க ஒரு மூலை. கோடையில் சுவர் கொதிக்கும். மார்கழியில் தண்ணீர்க் குழாயைத் தொட விரல் கூசும். வாடகை, அரிசி, காப்பித்தூள், தயிர் எல்லாம் ஐந்தில் ஒன்று. சமையல் ஆளுக்கு ஒரு நாள் முறை. கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றில் அன்றாடம் கணக்கு எழுதினோம். அந்த நோட்டுப் புத்தகத்தைப் பற்றி எங்களுக்குப் பெருமையே இருந்தது. பக்கத்து மாடிகளில் பணத்தால் சண்டை வந்தது, எங்களிடம் வரவில்லை.

எங்களுள் இளையவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர், தற்காலிக வேலை. ஓர் ஆண்டு மழைக்காலத்தில் அவரை மஞ்சள் காமாலை பற்றியது. மருத்துவமனையில் சில நாள், அறையில் பல நாளாக ஏறத்தாழ நாற்பது நாள் படுத்திருந்தார். வேலைக்குச் செல்லாத நாளுக்கு ஊதியம் கிடையாது. நாங்கள் அவரைக் கைவிடவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தோம். மருந்து வாங்கி வந்தோம். இரவில் ஒருவர் விழித்திருந்தோம். அதே சமயம், நோட்டுப் புத்தகத்தையும் மறக்கவில்லை. மருத்துவமனையில் இருந்த நாட்களுக்குச் சாப்பாட்டுச் செலவைக் கழித்தோம். வாடகையைக் கழிக்கவில்லை. மருந்து விலை, ரிக்‌ஷாக் கூலி, கஞ்சிக்கான அரிசி எல்லாவற்றையும் எழுதினோம். அவர் சமைக்க வேண்டிய எட்டு முறைகளை நாங்கள் சமைத்தோம் என்பதையும் ஓரத்தில் குறித்தோம். எல்லாம் நியாயமாகவே இருந்தது. ஒரு பைசாகூட அதிகமாக எழுதவில்லை என்று இன்றும் சொல்ல முடியும்.

தேறி எழுந்தவர் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. விடுபட்ட எட்டு முறையையும் தொடர்ந்து சமைத்தார். இரண்டு மாதத்தில் தொகை முழுவதையும் தீர்த்தார். கையில் இருந்த மோதிரம் அதற்குப் பின் இல்லை. அடுத்த மாதம் முதல் தேதியன்று, யமுனைக்கு அப்பால் வேறு இடம் கிடைத்திருப்பதாகச் சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். படியில் நின்று, “கணக்கு நேராயிட்டுல்லா, அண்ணாச்சி?” என்று கேட்டார். நேராகிவிட்டது என்று நாங்கள் சொன்னோம். அதன் பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை.

நாங்கள் செய்தது தவறா? நெடுங்காலம் இக்கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. ஏனெனில் எந்தக் கூட்டுக்கும் கணக்கு வேண்டும் என்பதில் எங்களுக்கு இன்றும் ஐயமில்லை. ஒருவன் சுமையைச் சொல்லாமலே மற்றவன் மேல் ஏற்றுகிற கூட்டு நிலைக்காது. அப்படியானால், சரியான கணக்கு ஏன் உறவை முறித்தது?

கடற்சட்டத்தின் மிகப் பழைய பகுதி ஒன்று இதற்கு ஓரளவு ஒளி தருகிறது. புயலில் கப்பலைக் காக்க ஒரு வணிகனின் சரக்கைக் கடலில் எறிந்தால், அந்த இழப்பைக் கப்பலிலுள்ள அனைத்துப் பொருளுக்கும் உரியோர் பகிர்ந்து ஈடு செய்தல் வேண்டும். ரோட்ஸ் தீவினரின் பெயரால் வழங்கிய இந்த விதியை 533இல் வெளியான ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பும் ஏற்றது. யார்க்–ஆன்ட்வெர்ப் விதிகளாக இன்றைய கப்பல் வாணிகத்திலும் அது வாழ்கிறது. எல்லாருக்காகவும் இழந்ததை எல்லாரும் தாங்குக என்பதே அதன் கருத்து. ஆனால் நம் நண்பர் எங்களுக்காக நோயுறவில்லை. அவர் நோய் அவருடையதே. எனவே இந்த விதியின்படி நாங்கள் கடன்பட்டவர் அல்லர். இதைச் சொல்லியே எங்களுள் ஒருவர் பல ஆண்டு மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

ஆனால் கடற்சட்டம் அத்துடன் நிற்கவில்லை. மூழ்கும் கப்பலிலிருந்து பொருளை மீட்டவனுக்கு அப்பொருளின் மதிப்புக்கு ஏற்பப் பரிசு உண்டு. உயிரை மீட்டவனுக்கோ, மீட்கப்பட்டவனிடமிருந்து ஒரு காசும் கேட்க உரிமை இல்லை. 1910இல் பிரசல்ஸ் நகரில் பல நாடுகள் செய்த உடன்படிக்கையும் இதைச் சொல்கிறது. 1989ஆம் ஆண்டின் உடன்படிக்கையும் சொல்கிறது. மேலும் 1910ஆம் ஆண்டின் உடன்படிக்கை, தன் கலத்துக்கும் தன்னவர்க்கும் பெருங்கேடு வாராத அளவில், கடலில் உயிருக்குப் போராடும் எவரையும், பகைவனேயானாலும், காத்தல் தலைவனின் கடமை என்று விதித்தது. இலாபத்தையும் நட்டத்தையும் காசு காசாக எண்ணும் வணிகர் உலகமே, ஓரிடத்தில் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகிறது. சரக்குக்குக் கணக்கு உண்டு. உயிருக்குக் கணக்கு இல்லை.

இதைப் படித்தபோதுதான் எங்கள் பிழை எது என்று விளங்கிற்று. கணக்கு எழுதியது பிழையன்று. செலவுப் பங்கும் பணிப் பங்கும் எழுதுவதற்குரிய நோட்டுப் புத்தகத்தில், மூன்றாவது பங்கையும் எழுதிவிட்டோம். வீட்டாரின்றி, மொழியறியாத நகரில், நோய் வந்தால் என்ன ஆவோம் என்ற அச்சம் எங்கள் ஐவருக்கும் முழுமையாக இருந்தது. அந்த அச்சத்துக்கு எதிராகவே ஓர் அறையில் கூடினோம். வாடகை குறைவு என்பது இரண்டாவது காரணமே. கஞ்சிக்கான அரிசியை எழுதிய கணத்தில், அவரைப் பங்காளியாக இருந்த நிலையிலிருந்து இறக்கிக் கட்டணப் பயணியாக ஆக்கிவிட்டோம். அவரும் கட்டணத்தைச் செலுத்திவிட்டு இறங்கிப்போனார்.

இதனால் நோயுற்றவரின் சுமையை வரம்பின்றித் தாங்க வேண்டும் என்று சொல்வதாகக் கொள்ளற்க. தன்னையே மூழ்கடித்துக்கொண்டு பிறரைக் காக்கும்படி கடற்சட்டமும் கேட்கவில்லை. இரண்டு மாத வாடகை நால்வரையும் மூழ்கடித்திருக்காது என்பதே எங்களைச் சுடுகிறது. நான்கு திரைப்படச் சீட்டும் சில நாள் மாலைக் காப்பியும் அதற்குப் போதுமாயிருந்திருக்கும்.

நம் முன்னோரும் கடலோடியவர்களே. 1088ஆம் ஆண்டில் சுமத்திராவின் பாரூஸ் பகுதியில் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு, அங்கு வரும் மரக்கலத்தார் செலுத்தவேண்டிய பொன்னின் அளவைக் கூறுகிறது. வேற்று நிலத்தில் ஒன்றுகூடிய தமிழர் கணக்கில் தெளிவாக இருந்தனர் என்பதற்கு அது சான்று. அத்தெளிவை நாம் விடவேண்டியதில்லை.

இன்று நம் பிள்ளைகள் வேறு நகரங்களில் மூவராய் நால்வராய் வீடு எடுத்துத் தங்குகிறார்கள். நோட்டுப் புத்தகமும் அவர்களுக்குத் தேவையில்லை. தேநீர்ச் செலவைக்கூடக் கைப்பேசியே வகுத்துச் சொல்லிவிடுகிறது. வகுப்பது எளிதான காலத்தில், வகுக்கக் கூடாதது எது என்று நினைவூட்டுவது பெரியவர் கடமையாகிறது. இந்தச் சங்கமும் அத்தகைய கலமே. சந்தாவும் செலுத்தி, விழா நாளில் நாற்காலியும் தூக்கிப் போடுகிற உறுப்பினர்கள் எவரிடமும் கூலி பெறுவதில்லை. அவர்களுள் எவரேனும் சில மாதம் வராதிருந்தால், சந்தாப் பாக்கி எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன், வீட்டில் யாருக்கேனும் உடல்நலமில்லையா என்று ஒருவர் நேரில் சென்று கேட்டு வரலாம்.

நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியும், அந்த நோட்டுப் புத்தகம் எங்களுள் ஒருவர் வீட்டில் இருக்கிறது. மழைக்கால மாதங்களின் பக்கத்தில், எல்லாத் தொகைக்கும் கீழே, ‘தீர்ந்தது’ என்று எங்கள் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. இம்மலர் எவ்வழியிலேனும் அந்த நண்பரின் கைக்குக் கிட்டுமானால், அந்தச் சொல்லை அடித்துவிட்டோம் என்று அவர் அறிந்துகொள்ள வேண்டுகிறோம்.